ஒப்பீட்டுப் போன்

நவம்பர் 3, திங்கள்

சமையலறைத் தராசை முன்னறை மேசைக்கு மாற்றுவது என்று இன்று காலை முடிவு செய்தேன். எளிதில் எடுத்த முடிவல்ல. சென்ற ஆண்டு ஆடியில் மதுரையில் செண்பகத்துக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பிய நாள் முதல் அந்தச் சிறிய பேட்டரித் தராசு அரிசிப் பானைக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் இருக்கிறது. அவளுடைய அரிசியும் உப்பும் அதில் ஏறி இறங்கிய பிறகே அடுப்புக்குப் போகும். எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து, மாவட்டத்திலுள்ள தராசுகளையெல்லாம் சந்தேகித்து ஓய்வு பெற்றவன் நான். சந்தேகிக்காமல் பயன்படுத்தக் கிடைத்த முதல் தராசு அதுதான்.

செண்பகம் நிபந்தனை விதித்தாள்.

"சமைக்கிற நேரம் எனக்கு வேணும். மத்த நேரம் எங்க வேணாலும் வச்சுக்கிடுங்க."

இரு தரப்பும் ஒப்புக்கொண்டதால் பத்து மணிக்குத் தராசு இடம் மாறியது.

காரணத்தையும் எழுதி வைக்கிறேன். நேற்று மாலை கடைவீதி வணிகர் சங்கத் தலைவர் தர்மக்கண் அண்ணாச்சி வந்தார். கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கிறார். பலகையில் 'ஒரிஜினல்' என்று எழுதியிருக்கும். எங்கள் கோவில்பட்டிக் கடைவீதியில் அவருக்கு இருபுறமும் உள்ள மிட்டாய்க் கடைகளிலும் அப்படியே எழுதியிருக்கிறது. அது பற்றி இதுவரை யாரும் புகார் செய்ததில்லை.

அண்ணாச்சி கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஐந்து ஸ்மார்ட்போன்கள். ஐந்தும் ஒரே மாடல், ஐந்தும் வெயிலுமுத்துவின் மொபைல் கடையில் வாங்கியவை. வாங்கியவர்களில் ஒருவருக்குப் போன் தோசைக்கல்லாகச் சுடவே, கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத் தூத்துக்குடி வரை கொண்டுபோயிருக்கிறார். இது எங்கள் சரக்கே இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கேள்விப்பட்ட மற்ற நால்வரும் தங்கள் போன்களைச் சங்கத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. போலி விற்றது உறுதியானால், சங்கக் கட்டடத்தில் இருக்கும் கடையை வெயிலுமுத்து காலி செய்ய வேண்டும். அவரைப் போலீசிலும் ஒப்படைப்பார்கள். போலியா இல்லையா என்று சொல்ல ஒரு நபர் குழு. அந்த ஒரு நபர் நான்.

"எனக்கு போனப் பத்தி ஒண்ணும் தெரியாதே அண்ணாச்சி."

"தெரிஞ்சவன்லாம் போன் கடை வச்சிருக்கான். போட்டிக்காரன்ட்ட போயா நியாயம் கேக்க? நீங்க தராசு விஷயத்துல யாருக்கும் சலுகை காட்டாத ஆளு. எனக்கே காட்டலியே." இதைச் சொல்லும்போது அவர் குரலில் சற்று வருத்தம் இருந்தது. "அதோட, உங்ககிட்ட அதே மாடல் இருக்குலா. ஒப்பிட்டுப் பாக்கதுக்குன்னு அசல் ஒண்ணு தனியா வாங்க வேண்டாம் பாருங்க. சங்கத்துக்குச் செலவு மிச்சம்."

என் போன் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் அரசு ஊழியத்தில் கிடையாது.

நவம்பர் 4, செவ்வாய்

அது எங்கிருந்து வந்தது என்பதை இங்காவது எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சையன்று காலை, செண்பகத்தை உள்ளே கொண்டுபோவதற்கு முன், முந்தின நாள் முதலே மக்கர் செய்த என் பழைய போன் அடியோடு நின்றுவிட்டது. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்கிறார்கள். யாரையும் கூப்பிட முடியவில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது, வெயிலுமுத்து படியேறி வந்தார். கையில் புத்தம்புது அட்டைப் பெட்டி.

"நேத்துலருந்து அடிச்சா எடுக்கல சார். போன் செத்துப் போச்சுன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில போன் இல்லாம எப்படி இருப்பீங்க?"

அவரிடம் ரீசார்ஜ் செய்துகொள்வதைத் தவிர எங்களுக்குள் வேறு பழக்கம் கிடையாது. அதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறி மதுரை வரை வந்திருந்தார். அந்தப் போனில்தான் நான் ரத்தம் கேட்டுப் பேசினேன். மூன்று பேர் வந்தார்கள். மருத்துவர் வெளியே வந்து தலையசைக்கும்வரை வெயிலுமுத்து என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். விலை கேட்டேன்.

"அக்கா நடந்து வீட்டுக்கு வரட்டும் சார். அதான் வெல."

அக்கா நடந்து வந்துவிட்டாள். அதன் பிறகும் அவர் வாங்கவில்லை. தினமும் காலையில் மணி பார்க்க அந்தப் போனை எடுக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பர் 5, புதன்

ஆய்வு தொடங்கியது. ஒப்பீட்டுப் பொருள்: என் போன். சோதனைக்கு வந்தவை: ஐந்து.

எடை: ஐந்தும் என் போனும் கிராம் பிசகாமல் ஒன்று. திரையைச் சுற்றியுள்ள கறுப்பு விளிம்பு: என் போனில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தடிமன். அவற்றிலும் அப்படியே. முதுகில் கேமராக் கண்கள் மூன்று. மூன்றும் அதே இடத்தில். என் போனில் இரண்டின்மேல் செண்பகத்தின் பொட்டு ஒட்டியிருக்கிறது, தெரிகிற ஒன்றில் அதே பளபளப்பு. வெயிலில் பிடித்தால் திரை மங்குகிறது. என்னுடையதும் மங்குகிறது. கால் மணி நேரம் பேசினால் சுடுகிறது. என்னுடையதும் சுடும். மழைக்காலத்தில் அதை நான் ஒரு வசதியாகவே கருதிவந்திருக்கிறேன்.

ஒவ்வொரு போனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு என்றும், சில பொத்தான்களைத் தட்டினால் அது திரையில் வரும் என்றும் படித்தேன். தட்டிப் பார்த்தேன். ஆறு போன்களிலும் ஒரே எண். எத்தனையோ எடைக்கற்களைச் சோதித்திருக்கிறேன், இவ்வளவு கச்சிதமான ஒற்றுமையைக் கண்டதில்லை.

ஐந்தும் அசலே என்று அறிக்கை எழுதினேன். வெயிலுமுத்துவுக்கு ஒன்றும் வராது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை. தராசு மூன்று முறை சமையலறைக்குப் போய் வந்தது.

நவம்பர் 7, வெள்ளி

அறிக்கையைச் செண்பகத்திடம் படித்துக் காட்டினேன். அடையாள எண் பத்தியில் நிறுத்தினாள்.

"ஆறு வீட்டுக்கு ஒரே ரேஷன் கார்டா?"

"இது ரேஷன் கார்டு இல்ல செண்பகம்."

"அடையாளம்னு நீங்கதான சொன்னீங்க."

அவளுக்குத் தொழில்நுட்பம் தெரியாது. அதனால் விளக்கவில்லை. எனக்கும் அது தெரியாது என்பது இன்னொரு காரணம்.

மாலையில் ஒரு சிறு சங்கடம். சோதனைகளை என் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். ஐந்தாவதைப் பிடித்து முடித்ததும் முதலாவதன் படம் திறக்கவில்லை. போனில் இடம் நிறைய மிச்சம் என்றுதான் திரையில் போட்டிருக்கிறது. தேடிப் பார்த்தபோது மதுரை ஆஸ்பத்திரியில் எடுத்தவற்றிலும் பல திறக்கவில்லை. சாம்பல் நிறக் கட்டமாக நிற்கின்றன. ஈரக்காற்று காரணமாக இருக்கலாம்.

என் போனைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஒப்பீட்டுப் பொருளைச் சோதிப்பது முறையல்ல. பாரிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் உலோகக் குண்டு இருந்தது. உலகத்தின் ஒரு கிலோ அதுதான். அதன் நகல்கள் அதோடு ஒத்துப்போகாமல் விலகத் தொடங்கியபோது, விலகியது நகல்களா குண்டா என்று விஞ்ஞானிகளால் சொல்ல முடியவில்லை. குண்டுதான் கிலோ என்பது சட்டம், ஆகவே குண்டு தவறாக இருக்க முடியாது. என் துறையில் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்த சட்டம் அது.

நவம்பர் 9, ஞாயிறு

வெயிலுமுத்து வந்திருந்தார். வாசலிலேயே நின்றார்.

"உங்களப் பாக்க வரல சார். விசாரணை முடியுற வரைக்கும் உங்களப் பாக்கக் கூடாதுலா. அக்காவப் பாக்க வந்தேன்."

செண்பகம் அவரை உள்ளே அழைத்தாள். விதிமுறையை மதித்து நான் திண்டில் சாய்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். செய்தித்தாளைத் தாண்டிக் கேட்பதற்கு விதியில் தடையில்லை.

"கடையில யாவாரம் எப்படி தம்பி?"

"யாவாரமா? வாரவங்கல்லாம் போன் கேக்கல அக்கா, ஜாமீன் கெடைக்குமான்னுல்லா கேக்காங்க."

"சரக்கு எங்க எடுக்கீங்க?"

"சென்னையில பெரிய கை அக்கா. மூணு வருஷமா அவர்கிட்டதான். எந்தக் கொறையும் வந்ததில்ல. நானே அதத்தான வச்சிருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். அதே மாடல். கண்ணாடிக்கு மேல் ஒட்டுத்தாள், அதற்கு மேல் உறை, உறைக்கு மேல் முருகன் படம். கைக்குழந்தையைத் துண்டில் சுற்றியது போல வைத்திருக்கிறார். செண்பகம் அதை வாங்கி, பின்புறத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அறிக்கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. போகும்போது எங்கள் வீட்டு அழைப்பு மணியைச் சரிசெய்துவிட்டுப் போனார். அது கெட்டிருந்தது எனக்குத் தெரியாது.

நவம்பர் 11, செவ்வாய்

செண்பகத்தின் இதயப் பரிசோதனைக்காகத் திருநெல்வேலி போய் வந்தோம். இதயம் நன்றாக இருக்கிறது. கடவுளுக்கும் மருத்துவர் ஜெயசெல்விக்கும் நன்றி.

மருத்துவரின் மேசைமேல் ஒரு போன் இருந்தது. அதே மாடல். மகன் சென்னையில் கம்பெனிக் கடையிலேயே வாங்கித் தந்தது என்றார். உடனே செண்பகம் தன் கைப்பையிலிருந்து சமையலறைத் தராசை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதை அவள் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது.

"டாக்டரம்மா, உங்க போன ஒரு நிமிஷம் இதுல வைக்கலாமா?"

நோயாளிகள் பலவிதமானவர்கள் என்று அறிந்த மருத்துவர், வைத்தார். என் போனைவிட மருத்துவரின் போன் முப்பத்தேழு கிராம் கூடுதல்.

அடுத்து செண்பகம் தன் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மருத்துவரின் போனில் ஒரு கேமராக் கண்ணின்மேல் ஒட்டினாள். அகலமான படத்துக்கு மாற்றியதும் திரை இருண்டது. பொட்டை அடுத்த கண்ணுக்கு மாற்றினாள். தூரத்துப் படம் இருண்டது. அசலில் மூன்று கண்களுக்கும் தனித்தனியே பார்வை உண்டு.

பிறகு என் போனைத் திருப்பிக் காட்டினாள். அதில் இரண்டு கண்களின்மேல் ஏற்கெனவே பொட்டு இருக்கிறது. ஒன்றேகால் வருடமாக இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் நர்ஸ் பொட்டை எடுக்கச் சொன்னபோது, கண்ணாடியில் ஒட்டி வைக்கும் பழக்கத்தில், என் கையிலிருந்த போனின் முதுகில் ஒட்டினாள். அந்தப் போனில்தான் அவளைப் படம் எடுத்தேன், வெறும் நெற்றியோடு. படம் வந்தது.

"ஊருக்கு வந்தப்புறம் பொட்ட எடுக்கலாம்னு பாத்தேன். கண்ண மறைச்சிருந்தும் எப்படிப் படம் வந்துச்சுன்னு தோணிச்சு. இன்னொரு கண்ணுலயும் ஒண்ணு ஒட்டிப் பாத்தேன். அகலப் படம், தூரப் படம் எல்லாமே அப்பவும் வந்துது. மூணுல ரெண்டு சும்மா ஒட்டி வச்சதுன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவர் பஸ்ல கொண்டாந்து குடுத்தத நான் என்னன்னு சொல்ல?"

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கயத்தாறு தாண்டும்வரை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 12, புதன்

நிலைமை இது. ஐந்தும் போலி. எழுதியிருக்கும் அறிக்கையைக் கிழிக்காமல் விட்டால் வெயிலுமுத்து தப்பிப்பார், என் போனும் அசலாகவே இருக்கும். கிழித்தால் அவருக்குக் கடை போகும், சிறையும் வரலாம். மதுரையில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்.

"அப்படியே குடுத்துட்டா என்ன?" என்று கேட்டேன்.

"அப்ப அந்த அஞ்சு பேரு?" என்று கேட்டாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உள்ளதச் சொல்லுங்க. நம்மளுதயும் சேத்துச் சொல்லுங்க. வேணும்னே ஏமாத்துறவரு ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கற ஆளுக்குக் கொண்டாந்து குடுப்பாரா? அவரையும் எவனோ ஏமாத்தியிருக்கான்."

"ஊரே சிரிக்கும் செண்பகம். போலியை வச்சுப் போலியை அசல்னு எடை போட்டவன்னு சொல்லுவாங்க."

"ஆமா, சொல்லுவாங்க."

வெண்டைக்காய்ப் பொரியல் உப்பு குறைவாக இருந்தாலும் நன்றாக இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். சோதனை முறைக்குச் 'செண்பகம் முறை' என்று பெயரிட்டிருக்கிறேன். அவள் அதை அடிக்கச் சொன்னாள். இந்த ஒரு விஷயத்தில் இணங்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பொதுக்குழு. சங்கத்து மாடியில் நாற்பது பேருக்கு மேல். வெயிலுமுத்து கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

ஐந்தும் போலி என்று படித்தேன். ஆறாவதும் போலி, அது என்னுடையது என்று படித்தேன். யார் கொடுத்தது, எங்கே கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்பதையும் படித்தேன். கடைசிப் பகுதியைப் படிக்கையில் கண்ணாடியை ஒருமுறை துடைக்க வேண்டியிருந்தது. மாடியில் தூசி அதிகம்.

எதிர்பார்த்தபடி சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் செருப்புக்கடை ராஜமாணிக்கம் எழுந்தார்.

"சார்வாள் சொல்லுதது சரி. ஆனா ஓசியில குடுக்கதுக்கு எவன்வே அசலக் குடுப்பான்? தெரிஞ்சேதான் தள்ளி விட்டிருப்பான்."

இதற்கும் ஒரு பத்தி இருக்கிறதா என்று நான் தாளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெயிலுமுத்து முன்னே வந்தார்.

"சார், அந்தப் பொட்டு இருக்கா?"

செண்பகம் ஒரு பொட்டு அட்டையை அறிக்கையோடு வைத்து அனுப்பியிருந்தாள். கொடுத்தேன். அவர் தன் போனை எடுத்தார். முருகன் படம் போட்ட உறையைக் கழற்றி, ஒரு கண்ணின்மேல் பொட்டு ஒட்டி, அகலப் படத்துக்கு மாற்றி, ராஜமாணிக்கத்தை நோக்கிப் பிடித்தார். ராஜமாணிக்கம் திரையில் முழுதாகத் தெரிந்தார். இரண்டாவது கண்ணிலும் ஒட்டினார். தூரத்துப் படத்திலும் ராஜமாணிக்கம் அசையாமல் தெரிந்தார்.

வெயிலுமுத்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு கேமரான்னு சொல்லித்தான் அண்ணாச்சி எல்லாத்துக்கும் வித்தேன். வீட்டுலயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜமாணிக்கம் அந்தப் போனைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "ஏமாத்துறவன் தனக்குன்னு அசல்ல ஒண்ணு வச்சுக்கிடுவாம்லா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தலைவர் தர்மக்கண் அண்ணாச்சி வெயிலுமுத்துவிடமிருந்து பொட்டு அட்டையை வாங்கினார். தம் போனை எடுத்து மேசைக்கடியில் வைத்துச் சற்றுநேரம் குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, "தீர்மானத்துக்கு வருவோம்," என்றார்.

கடை வெயிலுமுத்துவிடமே இருக்கும். ஐந்து பேருக்கும் அவர் அசல் போன் வாங்கித் தருவார், அதற்குச் சங்கம் தவணை கொடுக்கும். சென்னை மொத்த வியாபாரிமீது போலீசில் புகார் கொடுக்க அவரோடு சங்கமே போகும். தீர்மானத்தை முன்மொழிந்தவர் ராஜமாணிக்கம்.

கீழே இறங்கும்போது வெயிலுமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். படி குறுகலானது, இரண்டு பேர் சேர்ந்து இறங்குவது சிரமம். சேர்ந்தே இறங்கினோம்.

நவம்பர் 17, திங்கள்

இன்று காலை தராசு சமையலறைக்குத் திரும்பியது.

வெயிலுமுத்து ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். இந்த முறை கம்பெனிக் கடையிலேயே வாங்கியதாம்.

"சார், மொதல்ல அதக் குடுங்க. அதப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

"தர மாட்டேன்."

"போலி சார் அது."

"இதுல கூப்பிட்டுத்தான் மூணு பேர் ரத்தம் குடுக்க வந்தாங்க. அவங்க ரத்தம் அசல்தானே? அப்ப இது போன்தான்."

செண்பகம் உள்ளிருந்து, "தம்பி, அவர் ஒரு தடவ எடை போட்டுட்டா அப்பீல் கெடையாது. அந்தப் பெட்டியக் கடையில வச்சு வில்லுங்க. காபி சாப்பிட்டுப் போங்க," என்றாள். அவர் காபி சாப்பிட்டார். பெட்டியைத் திரும்ப எடுத்துப் போக வைத்தோம். அவருடைய காபிக்குச் சர்க்கரையை அவள் தராசில் நிறுக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

காவல் நிலையத்திலிருந்து எழுத்தர் வந்தார். வழக்குக்கு எல்லாப் போன்களும் வேண்டுமாம், என் அறிக்கையில் குறிப்பிட்ட ஆறாவதும் சேர்த்து. என் அறிக்கை அவ்வளவு தெளிவாக இருந்ததாக எழுத்தர் பாராட்டினார்.

கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன் ஸ்டுடியோவுக்குப் போய், மதுரையில் எடுத்தவற்றில் இன்னும் திறக்கும் ஒரே படத்தை அச்சுப் போட்டு வாங்கினேன். செண்பகம் வெறும் நெற்றியோடு கட்டிலில் இருக்கிறாள். படம் கொஞ்சம் மங்கல். எழுத்து மேசைக்கு மேல் மாட்டியிருக்கிறேன்.

வழக்கு முடியும்வரை போன் அங்கேயே இருக்கும். காவல் நிலையத்தில் தந்த ரசீதில் ஆறாவது வரி: 'கைபேசி, போலி, பின்புறம் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு இரண்டு, எண்ணிக்கை ஒன்று.'